கொரகொரவென்று மூச்சு விடும் சாவலை என்ன செய்வது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. காங்கேயத்துப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். எங்களிடம் ஒரு மயில் சாவலும் பதினாலு பெட்டைகளும் இருக்கின்றன. சாவலுக்கு மூன்று வயது. ஐந்தாவது படிக்கிற என் பையன் குஞ்சிலிருந்து வளர்த்தது. வீரன் என்று கூப்பிட்டால் ஓடி வந்து தோளில் ஏறிக்கொள்ளும். போன மாதம் சந்தையில் இரண்டு வெடைக்கோழி வாங்கி வந்து இதுகளோடு விட்டோம். கொஞ்ச நாளில் அதில் ஒன்று தூங்கித் தூங்கி விழுந்து செத்துவிட்டது. புதைத்துவிட்டோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சாவலுக்கு ஒரு கண் வீங்கி நுரை கட்டியது. மூக்கில் சளி. ராத்திரியில் கொரகொரவென்று சத்தம். கூவினால் தொண்டை கட்டின மாதிரி இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு பொடி வாங்கித் தண்ணீரில் கலந்து இரண்டு நாள் கொடுத்தோம். வீக்கம் வடிந்தது. கொஞ்ச நாளில் திரும்பவும் வந்துவிட்டது. இப்போது இரண்டு பெட்டைகளும் தும்முகின்றன. கிழக்குத் தோட்டத்தில் எங்கள் சின்ன மாமனார் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறார். “சாவலைத் தொலைத்துக்கட்டு, இல்லாவிட்டால் என் பேட்ச் போய்விடும்” என்கிறார். மாமியார் கருப்பராயனுக்கு அறுத்துவிடலாம் என்கிறார். வீட்டுக்காரர் சந்தையில் விற்றுவிடலாம் என்கிறார். பையன் சோறு தின்ன மாட்டேன் என்கிறான். நான் என்ன செய்யட்டுங்க?

பதில்: அம்மணி, முதலில் சந்தை யோசனையைத் தள்ளிவிடுங்கள். வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். சீக்குக் கோழியைச் சந்தையில் தள்ளிவிடுவது நம் பக்கம் காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு இந்தச் சீக்கு வந்த வழியும் அநேகமாக அதுதான். யாரோ வீட்டில் தும்மிய வெடைகள் கூடையேறிச் சந்தைக்கு வந்து உங்கள் தோட்டத்தில் இறங்கியிருக்கின்றன. வீரனை விற்றால் இன்னும் நாலு ஊருக்குப் போகும். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. விலங்குகளின் தொற்றுநோயைத் தடுக்க 2009-இல் வந்த மத்தியச் சட்டம், பட்டியலில் உள்ள நோய் இருப்பது தெரிந்தும் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறது. காசு வாங்காமல் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீட்டில் விட்டுவைத்தாலும் கணக்கு ஒன்றுதான். மயில் சாவல் என்றால் சாவல் சண்டை விடுகிற கட்டுக்காரர்கள் வேறு தேடி வந்து கேட்பார்கள். அவர்களுக்கும் கொடுக்காதீர்கள். வீரன் இருந்தாலும் போனாலும் உங்கள் தோட்டத்து வேலியைத் தாண்டக் கூடாது.

சரி, அப்புறம் மிச்சம் இருப்பது வைத்துக்கொள்வதா, முடித்துவிடுவதா என்பது. நோய் எதுவென்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சில நோய்களில் தேறின கோழி சுத்தமாகிவிடும். சிலவற்றில் வெளியே தேறின மாதிரி தெரிந்தாலும் உயிருள்ள வரை கிருமியைச் சுமந்துகொண்டே திரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதில் முதலில் வந்தது பண்ணைக்காரர்கள் சி.ஆர்.டி. என்று சொல்லும் நாள்பட்ட சுவாச நோய். மைகோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. கண்ணில் நுரை, இருட்டினால் கேட்கும் கொரகொரப்பு, மருந்துக்கு அடங்கித் திரும்ப வருவது, புதுக்கோழி வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடங்கியது என்று எல்லாமே அதற்குப் பொருந்துகிறது. ஆனால் அதே மாதிரி முகத்தை வீங்க வைக்கும் இன்னொரு சளி நோய் உண்டு, கொரைசா என்று பெயர். இரண்டையும் கடிதத்தில் பிரிக்க முடியாது, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி ஒன்று செய்யுங்கள். கோழிகள் அடைந்து அரை மணி நேரம் கழித்து, விளக்குப் போடாமல் சத்தமில்லாமல் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பகலில் மேய்கிற கோழியிடம் கேட்காத சத்தமெல்லாம் அப்போது கேட்கும். ஈரச் சளிக்குள் காற்று புகுந்து வருகிற மாதிரி எத்தனை கோழியிடமிருந்து வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு பெட்டை தும்முகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரியில் கேட்டால் அது ஐந்தோ ஆறோ ஆனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

காலையில் சாவலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூக்குத் துளைக்கு மேலே மெல்ல அழுத்துங்கள். வருகிற சளியை முகர்ந்து பாருங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் பாருங்கள். அழுகின வாடை குப்பென்று அடித்தால் கொரைசா பக்கம் நினைக்கலாம். அது சீக்குக் கோழியோடு சேர்ந்த ஒன்றிரண்டு நாளிலேயே முகத்தை உப்ப வைத்துவிடும். வாடை அவ்வளவாக இல்லாமல் கண் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழி நின்றால் சி.ஆர்.டி. பக்கம். அப்படியே அலகைத் திறந்து வாய்க்குள்ளும் பாருங்கள். நாக்கிலும் தொண்டையிலும் மஞ்சளாகப் பாலாடைக் கட்டி போல ஒட்டியிருந்தால் அது கோழி அம்மையின் ஒரு வகை. அதைச் சுரண்டாதீர்கள், ரத்தம் வரும். அம்மையாக இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கொசு கடித்துப் பரவுகிற நோய் அது, பிழைத்த கோழி பெரும்பாலும் சில வாரத்தில் தேறிவிடும்.

எச்சத்தையும் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, இறக்கை தொங்கினால் அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட். இந்த நோய்க்கு அந்தப் பெயர் குமாவோன் மலையில் இருக்கிற ராணிக்கேத் ஊரால் வந்தது. நம் நாட்டுக்கோழிகளை மந்தை மந்தையாகக் கொண்டுபோவது இதுதான். உங்கள் சாவல் இத்தனை நாள் தாக்குப் பிடித்துக் கூவிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ராணிக்கெட் மேல் சந்தேகம் குறைவு. ஆனால் செத்துப்போன அந்த வெடை எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியாது. புதைத்து இத்தனை நாளானதைத் தோண்டியும் பயனில்லை. இனி ஒன்று செத்தால் புதைக்காதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, ஐஸ் கட்டி வைத்த டப்பாவில் போட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

ஒரே நாளில் நாலைந்து கோழி பொத்துப் பொத்தென்று விழுந்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தாலோ, கால் தோலில் ரத்தம் கட்டினாலோ அது பறவைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். அப்போது கோழியைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், பையனைக் கிட்டே விடாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு முடிவு எடுப்பது நீங்களும் இல்லை நானும் இல்லை, அரசாங்கம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நாமக்கல் பக்கமும் பல்லடம் பக்கமும் கோழியை நம்பி எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. சி.ஆர்.டி.யோ கொரைசாவோ எதுவாக இருந்தாலும், சாவலை மட்டும் அறுத்தால் சீக்கு போகாது. ஒரு மாதமாக ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடித்து ஒரே கூண்டில் அடைந்த கோழிகள் இவை. சாவலுக்குக் கண் வீங்கியதால் அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். மிச்சமிருக்கிற சந்தை வெடையும் பதினாலு பெட்டைகளும் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கிருமி உள்ளவை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வீரனை அறுத்துவிட்டு, அப்பாடா என்று வேறு சாவல் வாங்கி வந்து விட்டால் அடுத்த மாதம் அதற்கும் கண் வீங்கும். சீக்கு ஒரு கோழிக்கில்லை, மந்தைக்கு. சின்ன மாமனாரிடமும் இதைச் சொல்லுங்கள். சாவல் போய்விட்டது என்று அவர் நிம்மதியாக இருந்தால் அதுதான் அவருக்கு ஆபத்து.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிராய்லர் குஞ்சுக்கு இருக்கும் ஆயுளே நாற்பது, நாற்பத்தைந்து நாள். அதற்குள் மூச்சுப்பையில் சளி கட்டி, அதோடு ஈ.கோலை என்ற கிருமியும் சேர்ந்தால், தீவனம் தின்றும் எடை ஏறாது. குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்கிற கம்பெனிக்காரர் கிலோக் கணக்கில்தான் வளர்ப்புக் கூலி தருகிறார், எடை குறைந்தால் நட்டம் உங்கள் சின்ன மாமனார் தலையில். பண்ணைக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழி இருக்கக் கூடாது என்று கம்பெனியும் சொல்லும். அதனால் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இன்றைக்கே சாவலையும் தும்முகிற இரண்டையும் பிரித்துவிடுங்கள். எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். பொதுவாக நல்ல கோழிகளுக்குக் காற்று போகிற திசையில் சீக்குக் கோழியை வை என்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் நம் பக்கம் வீசுகிற மேல்காற்று கிழக்கே போகிறது. அந்தக் கணக்குப்படி கிழக்குக் கோடியில் வைக்க வேண்டும், ஆனால் அங்கேதான் பண்ணை இருக்கிறது. உங்கள் பெட்டைகள் ஏற்கெனவே சீக்கோடு பழகியவை, பண்ணைக் குஞ்சுகள் பழகாதவை. அதனால் வீட்டுக்கு மேற்கே, சுவர் மறைப்பில் வையுங்கள். கட்டுத்தரை ஓரமாக இருந்தால் சௌகரியம். கொடாப்புக் கூடைக்குள் நாளெல்லாம் கவிழ்த்து வைக்காதீர்கள். ஈர எச்சத்திலிருந்து எழும்புகிற நெடி தொண்டையை இன்னும் புண்ணாக்கும். வலை அடித்த கூண்டு, கீழே காய்ந்த மணல் அல்லது தேங்காய் நார்த்தூள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இந்த ஒன்றிலேயே பாதிச் சளி குறைவதைப் பார்க்கலாம்.

காற்றைவிட மோசம் நம் செருப்புதான். கையும் துணியும்கூட. மைகோபிளாஸ்மா வெளியில் ரொம்ப நாள் தாங்காது, ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். காலையில் உங்கள் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு அப்படியே சின்ன மாமனார் பண்ணைக்கு ஆள் பற்றாக்குறை என்று போய் உதவுகிறவர் உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அதை நிறுத்துங்கள். நல்ல கோழிக்கு முதலில் தீனி, சீக்குக் கோழிக்குக் கடைசியில். அதற்கென்று தனி வட்டல், தனி செருப்பு. முடித்ததும் கை கால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பண்ணைக்குப் போயே தீர வேண்டும் என்றால் குளித்து, துணி மாற்றி, அன்றைக்கு நம் கோழியைத் தொடாமல் போக வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். இரண்டு நாள் பொடி கொடுத்து வீக்கம் வடிந்ததும் நிறுத்தியது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் சரியில்லை. இந்த நோய்களில் ஆன்டிபயாடிக் கிருமியை அடக்கி வைக்கும், ஒழிக்காது. அரைகுறையாகக் கொடுத்தால் அடுத்த தடவை அந்த மருந்து கேட்காமல் போகும். பொடியின் உறையை எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொலிஸ்டின் என்று எழுதியிருந்தால் தூக்கிப் போடுங்கள். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உயிர் காக்க வைத்திருக்கிற மருந்து என்பதால், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கு அதைக் கொடுக்க 2019-இல் தடை வந்துவிட்டது. பழைய சரக்கு எங்கேயாவது கிடந்தால்தான் உண்டு. சின்ன வெங்காயம், மஞ்சள், கற்பூரவல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கிறேன் என்று மாமியார் சொன்னால் கொடுக்கட்டும், தீங்கில்லை. ஆனால் அதைக் கொடுத்துச் சளி நின்றுவிட்டது என்பதற்காகக் கோழி சுத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கண்ணை மட்டும் தினம் இரண்டு வேளை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். சாவல் தீனி தின்கிற வரை, பரிசோதனை முடிவதற்கு முன்னால் வேறு மருந்து வேண்டாம். மருந்து உள்ளே போனால் சளியில் கிருமி அகப்படாது.

பரிசோதனை பெரிய சங்கதி இல்லை. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் விவரம் சொல்லுங்கள். போக வசதியில்லை என்றால் 1962-க்குப் போன் போட்டு நடமாடும் ஊர்தியைக் கேட்டுப் பாருங்கள். சாவலிடமும் தும்முகிற இரண்டிடமும் தும்மாத இரண்டு மூன்றிடமும் இறக்கை நரம்பில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் உறைந்து மேலே தெளிகிற நீரில் ஒரு சொட்டும் சாயமேற்றிய மருந்து ஒரு சொட்டும் தட்டில் கலந்தால், மைகோபிளாஸ்மா எதிர்ப்புச் சத்து இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் திரிதிரியாகக் கட்டும். உங்கள் கோழிகளுக்குத் தொற்றி மாதம் ஒன்று ஆகப்போவதால் இப்போது தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் தொண்டைச் சளியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிப் பார்க்கலாம். கோழியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், சளியை எடுத்து அனுப்பினாலே போதும்.

சி.ஆர்.டி. என்று வந்தால் என் யோசனை இதுதான். முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். இந்தக் கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அதே காரணத்துக்காக யாருக்கும் முட்டையோ குஞ்சோ கொடுக்காதீர்கள். வேகவைத்துத் தின்பதில் தடையில்லை, மனிதருக்கு இது ஒட்டாது. மருந்து கொடுத்திருந்தால் மட்டும், எத்தனை நாள் கழித்துத் தின்னலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டைகளை வீட்டுச் சமையலுக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுங்கள். வீரனைத் தனிக் கூண்டில் வைத்து வளர்க்கலாம். அதற்கு ஒரு விலை உண்டு. வீரன் இருக்கிற வரை தோட்டத்தில் வேறு நல்ல கோழி விட முடியாது. நன்றாகக் கவனித்தால் சாவல் இன்னும் ஐந்தாறு வருஷம்கூட இருக்கும். அத்தனை வருஷம் முட்டைக்கும் கறிக்கும் கடைக்குப் போக வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களா என்று உட்கார்ந்து பேசுங்கள். ஒத்துக்கொண்டால் வையுங்கள். கோழி வருமானம் வேண்டும் என்றால் சாவலையும் சேர்த்து முழுமந்தையையும் முடித்துவிட்டு, கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மூன்று வாரம் காலியாகப் போட்டு, அப்புறம் புதிதாகத் தொடங்குவதுதான் ஒழுங்கு. அதில் பாவம் ஒன்றும் இல்லை. வீரனை வலியில்லாமல் முடிக்கக் கால்நடை மருத்துவரையே கேட்கலாம். புதைப்பதைக் கிணற்றுக்குத் தள்ளி, மூன்றடிக்குக் குறையாத குழியில், சுண்ணாம்பு தூவிச் செய்யுங்கள். வாய்க்காலில் போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

கொரைசாவாக இருந்தாலும் கிட்டத்தட்ட இதே வழிதான், முட்டை வழியாகப் போகாது என்பது மட்டும் வித்தியாசம். ராணிக்கெட் என்றால் வேறு. பிழைத்த சாவலை ஒரு மாதம், இரண்டு மாதம் தனியாக வைத்துப் பிறகு சேர்க்கலாம், மற்றவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. கால்நடைத் துறை வருஷா வருஷம் மாசி ஒட்டி நடத்துகிற கோழிக் கழிச்சல் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். ஆனால் சளி இருக்கிற மந்தைக்கு அந்த ஊசியை இப்போது அவசரப்பட்டுப் போடாதீர்கள். உயிருள்ள தடுப்பு மருந்து சி.ஆர்.டி.யைக் கிளப்பிவிடும். போட வருகிறவரிடம் சளி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. கருப்பராயனுக்குக் கொடுப்பதென்றால் குறையில்லாததைத்தானே கொடுப்போம்? கண் வீங்கின சாவலை அவருக்கு நேர்வது நம் வழக்கமில்லை. கோயிலுக்கு இன்னும் பத்து வீட்டுச் சாவல் வரும், அங்கே தும்மினால் பத்து வீட்டுக்கும் போகும். அப்படிச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பையனிடம் பொய் சொல்லாதீர்கள். வீரனை ஒறம்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லி ராத்திரியோடு ராத்திரியாக முடித்தால் அடுத்த லீவுக்கு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பான். என்ன சீக்கு, ஏன் பிரித்திருக்கிறோம், முடிவு எப்படி வந்தால் என்ன செய்வோம் என்று அவனையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். இப்போதைக்குத் தோளில் ஏற்றுவதும் முகத்தோடு முகம் வைப்பதும் வேண்டாம். ராணிக்கெட் கிருமி கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியும். கூண்டுக்கு வெளியே நின்று தீனி போடட்டும், போட்டதும் கை கழுவட்டும்.

சின்ன மாமனாரிடம் அடுத்த குஞ்சு இறக்குகிற தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய பேட்ச் பிடித்து, கொட்டகை கழுவிக் காலியாகக் கிடக்கிற நாட்களில்தான் பெட்டைகளைக் குறைப்பது, அறுப்பது, இறகு புதைப்பது எல்லாம் நடக்க வேண்டும். குஞ்சு இறங்கும் நாளைக்குள் பரிசோதனை முடிவு உங்கள் இருவர் கையிலும் இருந்தால் நல்லது.